ஒருநாள் மட்டும் சுற்றிய மின்விசிறி

கொழும்பில் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே கனடாவில் ஒரு சுவருக்கு வர்ணம் பூசினால்கூட ஆளனுப்பி நலம் விசாரிக்கிறார்கள். போன வாரம் எங்கள் அலுவலகத்தில் பூசினார்கள். பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் படிவத்தோடு மேசை மேசையாக வந்தார். "கண் எரிகிறதா?" என்று என்னிடம் கேட்டார். சாதாரணக் கேள்விதான். எனக்குப் பழைய கொழும்பு நாட்கள் ஞாபகம் வந்தன.

யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தேன். ஒருகொடவத்தையில் ஒரு சிறிய தொழிற்சாலையில் கிளார்க் வேலை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக அங்கே பெண்பிள்ளைகள் ரேடியோக்களுக்கு ஈயம் பற்றவைத்தார்கள். அறையெல்லாம் புகை. மின்விசிறி இருந்தது, கரண்ட் செலவென்று போடமாட்டார்கள். ஒருநாள் அந்தக் கம்பெனி, பிள்ளைகளிடம் நேரில் குறை கேட்க ஒரு வெள்ளைக்காரரை அனுப்பியது. தமிழ்ப் பிள்ளைகள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல என்னை விட்டார்கள்.

கொட்டாஞ்சேனை ஜெசிந்தா மட்டும்தான் வாய்திறந்தாள். "அண்ணா, புகையில கண் எரியுதுன்னு சொல்லுங்க. இந்த ஃபேன் இன்னைக்கு மட்டும்தான் சுத்துது."

மனேஜர் பக்கத்தில் நின்றார். நான் அங்கே வேலைசெய்பவன் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. அதைக் காட்டித்தான் ஒவ்வொரு நாளும் ராணுவச் சோதனைச்சாவடியைத் தாண்டினேன். "வேலை பிடித்திருக்கிறதாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வந்தவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஜெசிந்தா என்னைப் பார்த்து, "தேங்ஸ் அண்ணா" என்றாள்.

மறுநாள் மின்விசிறி ஓடவில்லை. "அவரு மறந்துட்டாரா அண்ணா?" என்று கேட்டாள்.

"ஓம், பெரிய ஆக்கள். மறந்திருப்பினம்" என்றேன்.

முதல் பொய் பயத்தில் வந்தது. இந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நான் நாட்டைவிட்டு வரும்வரை அவள் கண்ணைக் கசக்கிக் கசக்கித்தான் வேலைசெய்தாள்.

கம்பெனிமேலும் எனக்குக் கோபம் உண்டு. முதலாளியின் சம்பளக்காரனை மனேஜருக்கு முன்னால் நிறுத்தி உண்மை கேட்டால் எப்படி வரும்? ஆனால் தொழிலாளரிடமே கேட்டோம் என்று அவர்கள் சொன்னால் மறுக்க என்னால் முடியாது. கேட்டார்கள். பதிலைச் சொன்னவன் நான்.

படிவத்தோடு நின்ற பெண்ணிடம் "கண் எரிகிறது" என்றேன் கடைசியில். ஜெசிந்தாவுக்காக ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டியதை எனக்காகச் சொன்னேன். என் கண் கலங்கியதைப் பார்த்த அந்தப் பெண், வர்ணவாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிவிட்டு, ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்து என் மேசையருகே போட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் யாராவது வந்து நிறுத்துவார்கள் என்று ஒருகொடவத்தைக்காரனாகவே காத்திருந்தேன். நான் வீட்டுக்குப் புறப்படும்வரை அது சுற்றிக்கொண்டே இருந்தது.