ஒரு மேனிஃபோல்டும் புதன்கிழமை சீட்டாட்டமும்

பழைய கார் ரிப்பேர் செய்கிறவனுக்கு வருகிற வாடிக்கையாளர்கள் எல்லோருமே டாக்டர்கள். நோயையும் அவர்களே சொல்லி, மருந்தையும் அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள், நமக்கு மிச்சம் நட்டைத் திருகுவது மட்டும்தான். பழைய கார் வைத்துக்கொண்டு அவதிப்பட்ட அன்பர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்படிப்பட்டவரைக் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

என் அப்பா கல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தார். நான் காளிகாட்டில் ஒரு சந்துக்குள் கார்புரேட்டர் பட்டறை போட்டேன். நானும் ஹாபுல்தா என்ற வங்காளி மெக்கானிக்கும், அவ்வளவுதான் ஸ்டாஃப். தொண்ணூறுகளின் கடைசியில் சேஷாத்ரி மாமாவின் வண்டி எங்களிடம் வந்து, கிட்டத்தட்ட ஒரு மழைக்காலம் முழுக்க இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

விரிசல்

மாமா கப்பல் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி அறுபதுகளின் அமெரிக்க மாடல். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், எங்கள் சந்தில் திரும்பவே இரண்டு பேர் கைகாட்ட வேண்டிய நீளம். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜரிடமிருந்து வாங்கியது. அதன் இன்டேக் மேனிஃபோல்டில் விரிசல். கார்புரேட்டர் இதன் தலையில்தான் உட்கார்ந்திருக்கும். அது கலந்து கொடுக்கிற பெட்ரோலையும் காற்றையும் எட்டு சிலிண்டருக்கும் பங்கு போட்டு அனுப்புவது இதன் வேலை. விரிசல் விழுந்தால் வெளிக்காற்று புகுந்து எல்லாப் பங்கும் கெட்டுவிடும்.

வண்டியை விற்றுவிட்டு சின்னதாக ஒன்று வாங்கலாமே என்றேன். வாசலில் நின்றிருந்த அவர் மனைவி கமலா மாமி தன் வலது காலைக் காட்டினார். குளியலறையில் விழுந்து, ஆபரேஷன் ஆகி, முட்டி மடங்காமலே போய்விட்டது. டாக்ஸியில் காலை நீட்ட முடியாது. இந்த வண்டியின் நீளக் கதவும் அகல முன்சீட்டும்தான் அவருக்கு வழி. புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டில் நாலு பெண்மணிகள் பிரிட்ஜ் சீட்டு ஆடுவார்கள், மாமி நாலாவது. அந்த வீட்டுக்காரம்மாவால் படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு வெளியே வர முடியாது, அதனால் ஆட்டத்தை இடம் மாற்றவும் வழியில்லை. "துர்கா பூஜை வரைக்கும் பொறுத்துப் பாப்பாளாம். அதுக்கப்புறம் என் நாற்காலியில மிஸஸ் தத்தாவை உக்கார வச்சுடுவாளாம். நீ வண்டியைப் பத்திப் பேசறே சிவா, நான் நாற்காலியைப் பத்திப் பேசறேன்" என்றார்.

ஹவுராவில்

முதலில் பழையதையே ஒட்டிப் பார்க்கலாம் என்று ஹவுராவுக்கு எடுத்துப்போனேன். வார்ப்பிரும்பை ஒட்டுவது லேசான காரியம் இல்லை. பத்து நாளில் மறுபடி உடைந்தது. வெல்டர் தூக்கிப் பார்த்துவிட்டு, "நான் ஒட்டின இடம் கல்லு மாதிரி இருக்கு பாருங்க தாதா. பக்கத்து இடம் உடைஞ்சா அதுக்கு நானா பொறுப்பு?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தால், அடுத்த பழைய சாமான் கடையில் ஆற்றில் ஓடிய ஏதோ மோட்டார் படகின் எஞ்சின் கிடக்கிறது. அதே எட்டு சிலிண்டர் ஜாதி! மேலே குள்ளமான அலுமினிய மேனிஃபோல்ட், உள்ளே இரண்டு அடுக்கு. வழிகள் நீளமாகவும் குறுகலாகவும் இருந்ததால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதும் கலவை சுறுசுறுப்பாகப் போகும். போல்ட் துளைகளை அளந்தேன், அச்சாகப் பொருந்தின. சந்தோஷத்தில் ஃபெரியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மாமா அதைத் தொடக்கூட இல்லை. "முப்பது வருஷம் கப்பல் கம்பெனியில குப்பை கொட்டினேன். ரிட்டயர் ஆனப்புறமும் எனக்குப் படகு சாமான்தானாடா?" என்றார்.

பெட்டியில் வந்தது

அவர் அப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை ரமேஷ் லீவில் வரும்போது ஒரு மேனிஃபோல்டை அம்மாவுக்கு வாங்கிய ஸ்வெட்டர்களுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். உயரமானது, பளபளப்பானது, ரேஸ்காரர்கள் போடுகிற ரகம். உள்ளே அடுக்கு எதுவும் இல்லை. ஒரே பெரிய அறை, அங்கிருந்து எட்டு பக்கமும் குட்டையான நேர்வழி. வேகத்தில் காற்று தாராளமாகப் பாயும். மெதுவாகப் போனால் அதே காற்று சோம்பிப்போய் பெட்ரோல் வழியிலேயே தேங்கும். இதை நான் மாமாவிடம் இரண்டு தடவை சொன்னேன். ஆனால் மாமா அதை ஹாலில் டீபாய் மேல் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைக் கையில் வாங்கி, எல்லாத் துளையிலும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதை ரமேஷ் எங்களுக்கு நடித்தே காட்டினான்: "சாமானை விட ஓட்டைதான் அதிகமா இருக்கு. எதுக்குன்னு நான் வரி போடறது?"

களிமண் பரிசோதனை

உயரமானதை மாட்டினால் பானெட் மூடுமா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கார்புரேட்டர் மேல் களிமண் உருண்டையை வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்து, மண் எவ்வளவு நசுங்கியது என்று பார்க்க வேண்டும். பக்கத்துச் சந்தில் துர்க்கை பிரதிமை செய்யும் பால்பாபுவிடம் ஒரு கை மண் கேட்டேன். அவர் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கவே வந்துவிட்டார். மண் அப்பளமாகிவிட்டது. தட்டையான ஏர் ஃபில்டர் போட்டால் ஒரு விரல் இடம் கிடைக்கும் என்று தெரிந்தது. மாமாவுக்கு முகமெல்லாம் பல். எனக்கோ, மூடவே முடியாது என்று ஆகியிருந்தால் விவாதம் முடிந்திருக்குமே என்று இருந்தது. பால்பாபு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மாவுக்கும் இதே மண்ணு, உங்க வண்டிக்கும் இதே மண்ணு. யாரு முதல்ல தெருவுக்கு வர்றாங்கன்னு பார்ப்போம்."

பந்த் நாள்

மாமா பிடிவாதமாக ரமேஷ் கொண்டுவந்த உயரமானதையே மாட்டச் சொன்னார், மாட்டினோம். இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். அந்த நீள வண்டியைக் கல்கத்தா நெரிசலில் எங்கே ஓட்டிப் பார்ப்பது? அந்த வாரம் ஒரு பந்த் வந்தது. ரோடு முழுக்கக் காலி, இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று நான்தான் யோசனை சொன்னேன். கட்சிக்காரர்கள் எழுந்து தெருவுக்கு வருமுன் கிளம்பினோம். சந்துமுனையில் அதற்குள்ளேயே கிரிக்கெட் ஆரம்பித்திருந்தது. ஸ்டம்பை எடுத்து வழிவிட்டார்கள்.

மைதானத்தின் ஓரமாக மாமா மிதித்தார். ஐயா, அந்த இழுப்பை நான் இன்னும் மறக்கவில்லை! முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பின்சீட்டில் ஹாபுல்தா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். இரண்டு தடவை நான் சொன்ன பாடம் எனக்கே மறந்துபோனது. இறங்கும்போது மாமா என் தோளில் தட்டினார். "இப்போ சொல்லு பாப்போம், படகா, பறவையா?"

டிராம்

அடுத்த புதன்கிழமை மாமி பட்டுப்புடவையில் முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். ராஷ்பிஹாரி ரோட்டு முனை வருவதற்குள் வண்டி மூன்று தடவை அணைந்தது. நத்தை வேகத்தில் ஊர்ந்ததும் எஞ்சின் இருமியது, விக்கியது. நட்டநடுவில், டிராம் தண்டவாளத்தின் மேலேயே உயிரை விட்டது. அங்கிருந்த டெலிஃபோன் பூத்திலிருந்து மாமா என்னைக் கூப்பிட்டார். நான் ஓடிப் போனபோது பின்னால் இரண்டு டிராம்கள் மணியடித்துக்கொண்டு நின்றன. மாமி நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், கண்ணில் தண்ணீர். மணி மூன்றேகால். அங்கே அவர் நாற்காலியில் மிஸஸ் தத்தா அன்றைக்கே உட்கார்ந்தாகிவிட்டது என்று பிறகு தெரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. காலி ரோட்டில் வண்டியைச் சோதித்துப் பார்த்தவன் நான்தானே. முதல் டிராமின் டிரைவர் கோபப்படக்கூட இல்லை. இறங்கி வந்து நிதானமாகச் சொன்னார்: "தாதா, உங்க வண்டிக்கு என்னைச் சுத்திப் போகத் தெரியும். என் வண்டிக்கு உங்களைச் சுத்திப் போகத் தெரியாதே."

மாமியின் கேள்வி

மறுநாள் மாமா மறுபடி ட்யூனிங் பண்ணச் சொன்னார். கார்புரேட்டரில் ஜெட்டை மாற்று, டைமிங்கை மாற்று, எதையாவது மாற்று. ரமேஷ் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவர் கவலை, அது எனக்கும் புரிந்தது. அதுவரை மேனிஃபோல்ட் விஷயத்தில் தலையிடாத மாமி என்னைக் கூப்பிட்டு, அடுக்கு வைத்ததற்கும் வைக்காததற்கும் என்ன வித்தியாசம் என்று விவரமாகக் கேட்டார். குறுக்குக் கேள்வி வேறு. பிரிட்ஜ் ஆடுகிறவர்களிடம் எதையும் மறைக்க முடியாது. பிறகு மாமாவைப் பார்த்துத் திரும்பினார். "நம்மாத்துலேர்ந்து லேக் கார்டன்ஸ் ரயில்வே கேட் வரைக்கும் நீங்க என்னிக்காவது மூணாவது கியர் போட்டிருக்கேளா? இல்லையோன்னோ? அப்போ அந்தப் படகு சாமானையே மாட்டச் சொல்லுங்கோ. ரமேஷ்கிட்ட நான் பேசிக்கறேன்."

நாற்காலி

பூஜைக்கு முந்தைய புதன்கிழமை. குள்ள மேனிஃபோல்டை மாட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று டூல் பெட்டியோடு நான் பின்சீட்டில். ராஷ்பிஹாரியில் ரிக்ஷாவுக்குப் பின்னால் ஊர்ந்தோம்; வண்டி முனகவில்லை. லேக் கார்டன்ஸ் கேட் மூடிக் கிடந்தது. ஒரு ரயில் போய், இன்னொன்றுக்காகவும் காத்திருந்தோம். எஞ்சின் பூனைபோல உறுமிக்கொண்டே இருந்தது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சே விடவில்லை.

மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். மாமி இறங்கவில்லை. "அவ உக்காந்திருந்தா நான் என்ன பண்றது? எழுந்திருன்னு சொல்ல முடியுமோ?" என்றார். ஒருவழியாக நான் கைபிடித்து உள்ளே அழைத்துப்போனேன். மிஸஸ் தத்தா அந்த நாற்காலியில்தான் இருந்தார். மாமியைப் பார்த்ததும் கையில் இருந்த சீட்டை மேஜையில் போட்டுவிட்டு எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அப்பாடா, வந்துட்டீங்களா! நான் ஒவ்வொரு சீட்டைப் போடும்போதும், கமலா இருந்தா என்ன போட்டிருப்பான்னு சொல்லிச் சொல்லியே இந்த மூணு பேரும் என்னைக் கொன்னுட்டாங்க!"

இப்போதெல்லாம் எந்த மேனிஃபோல்ட் நல்லது என்று யாராவது கேட்டு வந்தால், பானெட்டைத் திறக்குமுன் வீட்டம்மாவுக்கு எந்தக் கிழமை எங்கே போக வேண்டும் என்று விசாரித்துவிட்டுத்தான் ஸ்பேனரையே தேடுகிறேன்.