தொட்டிக்குள் குடித்தனம்

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரை மாற்றலாம், நர்ஸை மாற்றலாம், தொட்டிக்காரம்மாவை மட்டும் மாற்ற முடியாது என்று வாட்ச்மேன் சொல்வார். சும்மா சொல்லவில்லை. நாற்பது படுக்கை, ஒரு சமையலறை, ஒரு சலவை அறை, இத்தனையும் வெளியே தள்ளுகிற கழிவுநீர் பின்பக்கத்து சிமெண்ட் தொட்டிக்குத்தான் வருகிறது. அதை மெஷின் சுத்தம் செய்கிறது என்று எல்லோருக்கும் நினைப்பு. மெஷின் காற்று ஊதுகிறது, அவ்வளவுதான். சுத்தம் செய்வது உள்ளே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அழுக்கைத் தின்ன ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தைத் தின்ன இன்னொரு கூட்டம். எல்லாமாகச் சேர்ந்து பழுப்புப் பஞ்சுபோல் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த தண்ணீர் பக்கத்துக் குளத்துக்குப் போகும். குளத்தில் மீன், மீனுக்காகக் கொக்கு. பதினெட்டு வருடமாக இந்தக் குடித்தனத்தைக் கட்டி மேய்ப்பவள் அவள்.

பெரிய படிப்பெல்லாம் இல்லை. மூக்கு இருந்தது. காலையில் படியேறி ஒரு மூச்சு இழுத்தால் போதும். நனைந்த மண் வாசனை வந்தால் உள்ளே எல்லோரும் சௌக்கியம். அழுகல் வந்தால் காற்று போதவில்லை. போன மாதக் காய்ச்சல் அந்த மூக்கைத்தான் கொண்டுபோனது. காபியும் சோப்பும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. யாரிடமும் வாய் திறக்கவில்லை, புருஷனிடம்கூட. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். நாலு பேர் பரிதாபப்படுவார்களே என்ற வீறாப்பு மறுபக்கம்.

புருஷன், மில் மூடியபிறகு அதே ஆஸ்பத்திரியின் சலவை அறையில் சேர்ந்தவர். தங்கமான மனுஷன். ஆனால் நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பிவிட்டால் அவரை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. "வாய்க்கால்ல பாசி வழவழன்னு கெடக்கு, குனிஞ்சு சுரண்டினா இடுப்பே போயிடும்" என்று அவள் முந்தின நாள் புலம்பியது அவர் மனசில் தங்கிவிட்டது. விடியற்காலை ஷிப்டில், தேதி முடிந்த பிளீச்சிங் திரவம் அரை டிரம் கிடந்தது. அவள் இடுப்பு பிழைக்கட்டும் என்று அத்தனையையும் தொட்டிக்குப் போகும் அந்த வாய்க்காலில் கவிழ்த்துவிட்டார்.

ஏழு மணிக்கு அவள் படியேறி மூச்சை இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. பழைய மூக்காக இருந்தால் கேட் பக்கத்திலேயே நெடி அடித்திருக்கும், ஓடிப்போய் வால்வை மூடியிருப்பாள். பத்து மணிக்குத் தொட்டி முழுக்க வெள்ளை நுரை. ஜாடியில் மொண்டு வைத்த தண்ணீர் அரை மணியாகியும் தெளியவில்லை. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப் லென்ஸுக்கு அடியில் வைத்தாள். எதுவும் அசையவில்லை.

 முதலில் குளத்து வால்வை மூடினாள், பிறகு உள்ளே வருகிற வால்வை. வருகிற கழிவுநீரை வெளியே இருக்கும் சேமிப்புத் தொட்டி மூன்று நாள் தாங்கும். அதற்குள் தொட்டிக்கு உயிர் வராவிட்டால் ஆஸ்பத்திரியின் அழுக்கு அப்படியே குளத்துக்குத்தான்.

நுரையைப் பார்த்ததுமே புருஷனுக்குப் புரிந்துவிட்டது.

"ஊத்தினது நான்தான்மா. வாய்க்கால் சுத்தமாகட்டும்னு."

ஒரு சண்டைக்கு அவர் தயாராகத்தான் வந்திருந்தார். அவளோ படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊத்தினது நீங்க. மோந்து பார்த்து மூடாம விட்டது நான். எனக்கு மூக்கு போயி ஒரு மாசமாச்சு."

"ஒரு மாசமாவா? அன்னைக்குப் பால் தீஞ்சப்போ நீ திரும்பிக்கூடப் பார்க்கலியே. என்மேல கோவம்னுல்ல நெனச்சேன்."

"கோவமும்தான்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இருவருமாகப் போய் மேனேஜரிடம் இரண்டையும் சொன்னார்கள். "தொட்டி பொழைச்சா வேலை இருக்கும். இல்லேன்னா என் கையில ஒண்ணுமில்ல" என்றார் அவர். அதற்குமேல் அவரும்தான் என்ன சொல்வார்.

அன்று முழுக்கக் காற்றை ஊதவிட்டு பிளீச்சிங்கை விரட்டினாள். மறுநாள் காலை, பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கும் ஓட்டலின் தொட்டியிலிருந்து பத்து டிரம் உயிருள்ள சேறு கேட்டு வாங்கி, சின்ன லாரி ஒன்றில் ஏற்றினாள். டிரம்களை மூடினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால் புருஷன் பின்னால் நின்று, மாற்றி மாற்றிக் கம்பால் கலக்கிக்கொண்டே வந்தார். அவள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா போங்க, பின்னாடி உயிர் இருக்கு" என்று அவரைப் படாத பாடு படுத்தினாள். சிக்னலில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன அது என்று கேட்டார்.

"எங்க வீட்டு விருந்தாளிங்க" என்றார் புருஷன்.

விருந்தாளிகளுக்கு இடம் ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணெயும் சோறுமாகத் தின்று வளர்ந்தவை. இங்கே வருவதோ மருந்துத் தண்ணீர். அன்று சாயங்காலமே பாதிக்குமேல் போய்விட்டன. அவள் கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கினாள். மணிக்கொருதரம் புருஷனைப் படியேற்றி மோந்து பார்க்கச் சொன்னாள்.

"அழுகல் வருதா?"

"லேசா வருது."

காற்றைக் கூட்டுவாள். கழிவுநீரைக் குறைப்பாள். பதினெட்டு வருடம் தனியாகச் செய்த வேலையை இன்னொருவர் மூக்கை நம்பிச் செய்யும்போது அவளுக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் செய்தாள்.

மூன்றாம் நாள் காலை ஜாடியின் அடியில் பழுப்புப் பஞ்சு படிந்திருந்தது. மேலே விரல் தெரியும் அளவுக்குத் தெளிவு. லென்ஸில் சின்னதுகள் அங்குமிங்கும் ஓடின. நடுவில் மெல்லிய தண்டு ஒன்று பஞ்சைப் பிடித்து நின்றது. அதன் நுனியில் மணிபோல ஒரு வாய். தின்னக் கிடைக்காத இடத்தில் அந்தச் சாதி கால் ஊன்றாது.

"இங்க வாங்க. தெரியுதா?"

அவர் ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை மூடி, கடைசியில் கண்டுபிடித்தார்.

"என்ன பண்ணுது?"

"சாப்பிடுது."

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது அவருக்கு அப்போது உடைந்துவிட்டது. லென்ஸிலிருந்து முகத்தை எடுக்காமலே அழுதார்.

"நான் கோடிக்கணக்குல கொன்னுட்டேன். நீ ஒண்ணே ஒண்ணைக் காட்டுற."

அவள் அவர் முதுகில் கையை வைத்தாள்.

"அந்த ஒண்ணு போதும்ங்க. நாளைக்கு ரெண்டாகும்."

பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு போய், அவர் கையாலேயே குளத்து வால்வைத் திறக்க வைத்தாள்.