டிரைவரிலிருந்து எடுத்த பதினோரு வரிகள்

கடலூரில் ஒரு சின்ன நிறுவனத்தில், ஆலை மோட்டார்களைக் கணினியிலிருந்து இயக்கும் மின்னணு அட்டைகளைச் செய்துகொண்டிருந்தோம். கணினியின் லினக்ஸ் கர்னலுக்குள் இருந்து அந்த அட்டையோடு பேசும் டிரைவர் என்ற மென்பொருளை எழுதியவன் நான்.

2006இல் ஒருநாள், கீரப்பாளையம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மின்சாரம் போனது. நெல் ஏற்றும் பெல்ட்டில் சிக்கியிருந்த சாக்குத் துண்டைத் தொழிலாளி ஒருவர் கையால் இழுத்துக்கொண்டிருந்தார். மின்சாரம் திரும்பியது. அதற்கு முன் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால், என் டிரைவர் அதைத் தானாகவே மறுபடி ஓடவிட்டது. அவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் டிரைவரில் பதினோரு வரிகள் சேர்த்தேன். மின்சாரம் வந்தாலும், யாராவது பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது.

நான்கு வருடம் கழித்துப் புதிய அட்டை வந்தது. பொத்தானை அழுத்தும்வரை மோட்டாரை ஓடவிடாத அதே பூட்டு அதன் சர்க்யூட்டிலேயே இருந்தது. என் வரிகளை எடுத்துவிடலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

"இருந்தா என்ன, ரெண்டு பூட்டா இருக்கட்டுமே" என்றேன்.

புதிய அட்டையைப் பொருத்திய சில வாரங்களில் அந்த ஆலையிலிருந்து போன். பேசியவர் விரல்களை இழந்தவர். இப்போது அங்கே மேஸ்திரி.

"சார், பொத்தான ரெண்டு தடவ அமுத்துனாத்தான் ஓடுது. இவனுங்க பெல்ட்டப் பாக்காமயே டக்குடக்குனு அமுத்துறானுங்க. பயமா இருக்கு சார்."

முதல் அழுத்தலில் அட்டையின் பூட்டு திறந்தது, இரண்டாவதில் என்னுடையது. என் மன ஆறுதலுக்காகவே அந்த வரிகளை வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆலைக்குப் போய், அவற்றை நீக்கிய டிரைவரை ஏற்றினேன். மெயின் சுவிட்சை இருபது தடவை அணைத்துப் போட்டோம். ஒருமுறைகூட மோட்டார் தானாக அசையவில்லை. பொத்தானை ஒருதடவை அழுத்தினால் ஓடியது.

"அண்ணே, அன்னிக்கு மோட்டார ஓடவிட்ட புரோகிராம் நான் எழுதுனது" என்றேன்.

அவர் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பெனிலேருந்து ஆஸ்பத்திரிக்கு நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க. அப்பவே நெனச்சேன் சார்."

மன்னிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. "இன்னொரு தடவ போட்டுப் பாத்துடுவோம்" என்றார். பார்த்தோம்.

கடலூருக்குத் திரும்பியதும், டிரைவரின் மாற்றப் பதிவில் நீக்கிய வரிகளைப் பற்றிய குறிப்பில், அவை எதனால் எழுதப்பட்டன என்பதை முதன்முறையாக முழுவதும் எழுதினேன்.