மாரிசெல்வியின் படம் வந்த பேப்பர்

ஓசியில் கொடுத்தால் எதையும் வாங்கிக்கொள்கிற சனம்தான் நாம். ஆனாலும் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அந்தக் கல்லூரிப் பையன்கள் நீட்டிய பேப்பரை முதலில் ஒருத்தரும் வாங்கவில்லை. ஏதோ கடை விளம்பரம் என்று ஒதுங்கிப் போனார்கள். வாங்கிய நாலு பேரும் பஸ் சீட்டில் தூசி தட்டத்தான் வாங்கினார்கள். பேப்பரின் பெயர் ‘தாளம்’. மொத்தம் நாலு பக்கம். இரண்டு பக்கம் கல்லூரிச் சமாச்சாரம், இரண்டு பக்கம் பாட்டு. அதை நடத்தியவர்களில் ஒருவன் பிரபாகரன். பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். மாரிசெல்வியின் தம்பி.

இது இரண்டாயிரத்து ஆறில் நடந்தது. பிரபாகரனோடு படித்த தருண்குமாரின் வீட்டில் ஆப்செட் அச்சகம் இருந்தது. பட்டாசு லேபிளும் காலண்டரும் அடித்தது போக மிஞ்சுகிற தாளில் மாதம் ஒருமுறை பையன்கள் தங்கள் பேப்பரை அடித்துக்கொள்ளலாம் என்று அவன் அப்பா சம்மதித்திருந்தார். மிஞ்சிய தாள்தானே, ஒரு மாதம் வழவழவென்று இருக்கும், மறுமாதம் சாணித்தாள் மாதிரி இருக்கும். யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் பாட்டுப் பக்கம் சூடு பிடித்துவிட்டது. பங்குனி, சித்திரையில் நடக்கிற அம்மன் கோயில் பொங்கல் விழாவுக்குக் கச்சேரி செய்ய வருகிற மெல்லிசைக் குழுக்களைத் தேடிப் போய், கீபோர்டு வாசிக்கிறவர், டிரம்ஸ் அடிக்கிறவர், பாடுகிறவர் என்று மாதம் ஓர் ஆளைப் பற்றிப் படத்தோடு எழுதினார்கள். எந்தப் பெரிய பத்திரிகையும் அந்த ஆட்களை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. கோயில் கமிட்டிக்காரர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கச்சேரி பேசப் போனார்கள். ‘தாளத்’தில் வந்தவருக்கு அந்தக் கோடையில் ஓய்வு கிடையாது என்கிற அளவுக்கு ஆகிப்போனது.

மாரிசெல்விக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில். அவள் எட்டாவது படிக்கும்போது அம்மா வள்ளித்தாய் பட்டாசு ஆலை விபத்தில் போய்ச் சேர்ந்தாள். அதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், கொஞ்ச வருஷத்தில் அதே வேலைக்குப் போனாள். அப்பா ஆண்டிச்சாமி ஒரு காலத்தில் கூலிக்கு உழுதவர். மழை பொய்த்துப் பொய்த்துக் காடு தரிசாகிப்போக, ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். தம்பியைப் படிக்கவைத்தது இவள்தான். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து, சாயங்காலம் வேனைவிட்டு இறங்கும்போது காது மடலிலும் இமையிலும்கூட வெள்ளியாய்த் தூள் அப்பியிருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் சாப்பாட்டில் அந்த வாடை வரும். அந்த அறை அவளுக்கு அடியோடு பிடிக்காது. அம்மா செத்தது அப்படி ஓர் அறையில்தான். பயம் இல்லை என்று வெளியில் சொல்வாள். பொய்.

அந்தப் பயத்துக்குத்தான் பாட ஆரம்பித்தாள். முதலில் முணுமுணுப்பு, அப்புறம் பக்கத்து அறைப் பெண்கள், “நல்லாத் தொறந்து பாடுத்தா, வேலை ஓடட்டும்” என்று கேட்க, வாய்விட்டுப் பாட்டு. குரல் என்றால் அப்படியொரு குரல். பக்கத்து ஊர் சங்கையாவின் காதுக்கு அது போனது. சங்கையா கீபோர்டு வாசிக்கிறவர், சின்னதாய் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். சனி, ஞாயிறுகளில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாட அவளைக் கூட்டிப் போனார். ஆண்டிச்சாமியும் தடை சொல்லவில்லை. ஒருமுறை கச்சேரிக்கு வந்து, மண்ணில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்.

மாசி மாதம் சங்கையாவின் குழுவில் முதல் பாட்டுக்காரி கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். சங்கையா மாரிசெல்வியிடம் வந்தார்.

“ஒன்ன முன்னால நிறுத்தலாம்னு இருக்கேன் தாயி. ஆனா ஒம்பேரு நாலு ஊருக்குத் தெரியணும். ஒந்தம்பி பேப்பர்ல ஒருக்கப் போடச் சொல்லு. பங்குனிப் பொங்கல்ல ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் கச்சேரிதான். ஒனக்கு மருந்து ரூமுக்குப் போற சோலியே இருக்காது.”

கடைசியாகச் சொன்னாரே, அதுதான் மாரிசெல்வியின் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பக்கத்திலேயே அக்காவைப் போடுவது என்று முடிவெடுத்துவிட்டான். படம் வேண்டுமே? கச்சேரியில் எடுத்த படமெல்லாம் இருட்டடித்துக் கிடந்தது. கம்பெனி அடையாள அட்டைக்காக ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் படத்தில் மிச்சம் இருந்தது. விறைப்பாக, சிரிக்காமல், நேரே பார்த்தபடி இருப்பாள். “இதுல நான் பேயறஞ்ச மாதிரி இருக்கேம்லே” என்று சொல்லிக்கொண்டுதான் கொடுத்தாள். அவனோ, பெரிய பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகியவன். தலைப்பைக் கொட்டை எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டான்: ‘பட்டாசுத் தொழிலாளி மாரிசெல்வி’. படத்துக்குக் கீழே மறுபடியும் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வயது. அதற்கும் கீழே பொடி எழுத்தில் அவள் குரலைப் பற்றி இரண்டு பத்தி. பட்டாசு வேலை செய்கிற பெண் பாடுகிறாள் என்பதில் அவனுக்குப் பெருமை. அந்தப் பெருமையில் வேறெதுவும் கண்ணில் படவில்லை, பாவம்.

பேப்பர் வெளிவந்த அன்று மாரிசெல்வி வழக்கம்போல வேலைக்குப் போனாள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தான், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மருந்தை அடைத்தாள்.

சாயங்காலம் வேன் ஊருக்குள் திரும்பும்போதே ஒப்பாரிச் சத்தம் கேட்டது. தங்கள் தெருவில்தான். ஐயாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தாள்; அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இறங்கி, சாப்பாட்டுத் தூக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். வீட்டு முன்னால் பெண்கள் தலையை விரித்துப்போட்டு, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். மாரில் அடிக்கக் கையை ஓங்கிய ஒருத்தி அவளைப் பார்த்து அப்படியே நின்றாள். சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

“ஏத்தா மாரி, நீயா?”

டீக்கடை வெள்ளைத்துரைதான் முதலில் சுதாரித்தவர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“மத்தியானம் பஸ்காரர் இந்தப் பேப்பரக் கடையில போட்டுட்டுப் போனாரு, மாலைப் பேப்பருன்னு நெனச்சேன். ஒங்கய்யா டீக் குடிக்க வந்தவரு ஒம்படத்தப் பாத்துட்டு, ‘என்ன போட்டிருக்கு’ன்னு எங்கிட்ட நீட்டுனாரு. மேல பட்டாசுத் தொழிலாளின்னு இருக்கு, கீழ ஒம்பேரு, பக்கத்துல வயசு. அதுக்கு மேல எனக்கு எழுத்து தெரியலத்தா, கண்ணு இருட்டிருச்சு. ஆலங்குளம் பக்கமா வேற வெடிச்சத்தம் கேட்டுச்சு, குவாரி வெடின்னு இப்பத்தான் சொல்றாக. கம்பெனிக்குப் போன் போட்டா எடுக்கல. எடுக்காட்டி என்ன அர்த்தம், சொல்லு?”

அவரைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? இந்தப் பக்கத்து ஏழைபாழையின் முகம் பேப்பரில் வருவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். வள்ளித்தாய் செத்த மறுநாள் அவள் படமும் இப்படித்தான் வந்தது. வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிசாக்கி, கட்டம் கட்டி, பெயர், பக்கத்தில் வயது. மாரிசெல்வி வெள்ளைத்துரை கையிலிருந்த ‘தாளத்’தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கே தான் செத்துப்போன மாதிரிதான் இருந்தது.

“ஐயா எங்க?”

“ஆசுபத்திரிக்குப் போயிட்டாரு. யாரையும் கூட வரக்கூடாதுன்னுட்டாரு. வழி தெரியும்னாரு.”

வெள்ளைத்துரை தன் டி.வி.எஸ். ஃபிப்டியில் அவளை ஏற்றிக்கொண்டு சிவகாசிக்கு விரட்டினார். முகம்கூடக் கழுவவில்லை. வழியெல்லாம் தம்பியைத் திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் வந்தாள்.

ஆண்டிச்சாமி பெரியாஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே, சுவரை ஒட்டிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அங்கே வேலை பார்க்கிற ஆள் இவளிடம் வந்து புலம்பினான். “பாடி ஒண்ணும் வரலய்யான்னு எம்புட்டுத் தடவ சொல்றது? கேக்க மாட்டேங்காரு. அன்னைக்கு எம்பொண்டாட்டிக்கும் இப்பிடித்தான் சொன்னீக, சாயங்காலம்தான் கொண்டாந்தீகங்காரு.”

“ஐயா” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவள் கையைப் பிடித்து, விரல் விரலாகத் தொட்டார். முழங்கை வரைக்கும் தடவினார். எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அப்போது அழுதாள் பாருங்கள், அம்மாவுக்குக்கூட அப்படி அழுததில்லை.

“இனிமே ஒம்படம் எதுலயும் வரக்கூடாது தாயி. எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

பண்ணினாள். அந்த நேரத்தில் அவர் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். அவர் தலையில் கை வைத்து, “வராதுய்யா, சத்தியமா வராது” என்றாள். போன உயிர் திரும்பி வந்ததுபோல அவர் எழுந்து, தண்ணீர் கேட்டார்.

ஊரில் எல்லோரும், “சாவுச் சேதி பொய்யாப் போச்சுல்ல, ஒனக்கு ஆயுசு கெட்டி” என்றார்கள். பிரபாகரன் அப்பாவின் காலில் விழுந்து அழுதான். மீதி இருந்த பேப்பர்களைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிட்டு வந்தான். அப்புறம் ஓரிரு மாதம் ‘தாளம்’ பாட்டுப் பக்கம் இல்லாமல் வந்தது. ஓசியில்கூட யாரும் வாங்கவில்லை, நின்றுபோனது.

சங்கையா வந்தார். பேப்பரைப் பார்த்து மூன்று ஊரில் கேட்டிருக்கிறார்கள் என்றார். அந்த வருஷம்தான் ஊரெல்லாம் பிளெக்ஸ் போர்டு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். பாடுகிறவர் முகத்தை ஆளுயரத்துக்கு அடித்து முச்சந்தியில் கட்டுவார்கள். மாரிசெல்வி சத்தியம் பண்ணியதைச் சொன்னாள். படம் இல்லாமல் போர்டு வைக்கலாமே என்று கெஞ்சினாள்.

“மொகந் தெரியாத பாட்டுக்காரிய எந்தக் கமிட்டி தாயி கூப்பிடும்? ஒங்கய்யாகிட்ட நான் பேசுறேன்” என்றார்.

பேசினார். ஆண்டிச்சாமி தரையைப் பார்த்தபடி, முடியாது என்று தலையை ஆட்டினார். சங்கையா கோவில்பட்டிப் பக்கம் வேறொரு பெண்ணைப் பார்த்துக்கொண்டார். அவரும் பிழைக்க வேண்டுமே.

ஊர்க் கோயில் பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டிய அன்று காலை மாரிசெல்வி தூக்கில் கம்மஞ்சோற்றை அடைத்துக்கொண்டிருந்தாள். ஆண்டிச்சாமி ஆடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை அவள் அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

“படம் வரக்கூடாதுன்னீக, சரின்னுட்டேன். பாட்டும் போச்சு. அன்னைக்கு நான் செத்துட்டேன்னு அங்கன போயி உக்காந்திருந்தீகளே. மருந்து ரூமுக்கு இனிப் போகாதத்தான்னு ஒரு வார்த்தை ஒங்களுக்குச் சொல்லத் தோணலயாய்யா?”

ஆண்டிச்சாமி கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். மழுப்பவில்லை. அந்த மனுஷனுக்கு நிஜமாகவே கேள்வி புரியவில்லை.

“அது வேலைதானத்தா. எல்லாருந்தான போறாக” என்றார்.

அந்த நிமிஷம் மாரிசெல்விக்கு ஐயாவைப் பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் பிடிக்கவில்லை. தெருமுனையில் வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு போய் ஏறினாள். பக்கத்தில் இருந்த பெண் ஒரு பாட்டுப் பாடச் சொன்னாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.