எடைக்கு ஆள் வேண்டும்

நிறுத்தி வைத்திருக்கும் எந்த வண்டியானாலும் அதன் பின்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து ஓர் அமுக்கு அமுக்கி விடுகிறார். வண்டி எழும்பித் தணிந்து, மறுபடி எழும்பி அடங்குகிறது. அது அடங்கும்வரை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு "ம்" என்கிறார், அல்லது "ப்ச்" என்கிறார். திருச்சுழியில் நிற்கிற வாடகைக் கார், கல்யாணத்துக்கு வந்த வேன், மாட்டு டாக்டரின் ஜீப் எதையும் அவர் விட்டதில்லை. ஒருமுறை உள்ளே தாசில்தார் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் அமுக்கிவிட்டார். "யாருய்யா அது?" என்று தாசில்தார் விழித்துக்கொண்டு கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்கய்யா, பட்டை நல்லாத்தான் இருக்கு. நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஜாபேஸ் அண்ணாச்சி நரிக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஜீப் ஓட்டுகிறார். அரசாங்க ஏலத்தில் எடுத்த பழைய வண்டி, ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும். ஊரிலிருந்து தார் ரோட்டுக்குப் போக, கண்மாய்க் கரையைப் பிடித்துக் கரிசல் வழியாக மூன்று மைல் கடக்க வேண்டும். ஐப்பசியில் ஒரு மழை விழுந்தால் போதும், அந்த மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், சைக்கிளை நடுவழியில் நிற்க வைத்துவிடும். அண்ணாச்சி தன் முழங்காலுக்குப் பக்கத்திலுள்ள குட்டிக் கியரைத் தட்டுவார். முன்சக்கரங்களும் இழுக்க ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் எங்கள் ஊரை உலகத்தோடு சேர்த்து வைத்திருப்பது அந்தக் குட்டிக் கியர்தான்.

பட்டை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: வண்டிக்கு அடியில் வில்லைப் போல வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது அதுதான். ஒவ்வொரு தகடும் ஒரு பட்டை. பட்டை கூடினால் பாரம் தாங்கும், ஆனால் வெறும் வண்டியாக ஓடும்போது ஆளைத் தூக்கி எறியும். பட்டை குறைந்தால் மெத்தையாகப் போகும், ஆனால் பதினாலு பேரும் ரெண்டு ஆடும் ஏறினால் வண்டி படுத்துக்கொள்ளும்.

இந்த ஒரு கணக்கை வைத்து அண்ணாச்சி உலகம் முழுவதையும் அளந்துவிடுகிறார். மனிதர்களைக்கூட. வயக்காட்டுக்காரர் பால்சாமி நாலு பட்டை ஆள். வத்தல் வியாபாரம் செய்யும் ராக்கம்மாள் மூன்று பட்டை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புதுப் போதகரின் முதல் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவரிடம் எப்படி என்று கேட்டேன். "நல்லாப் பேசுறாரு. ஒண்ணரைப் பட்டைதான் தேறும்" என்றார். நான் அரைப் பட்டை. இயற்பியலில் பட்டம் வாங்கிய பிறகும் அது கூடவில்லை.

அவருடைய பெரிய விசேஷம் இதுவல்ல. தன் ஜீப்புக்கு என்ன பட்டை போடுவது என்பதை அவரால் முடிவு செய்ய முடியாது. அருப்புக்கோட்டையில் சோணைமுத்துவின் பட்டறையில் இரண்டு கட்டு பட்டைகள் அவருக்காக ஒரு வருடம் சுவரில் சாய்ந்து கிடந்தன. ஒன்று பத்துத் தகடு வைத்த லோடு பட்டை. மற்றது மதுரையில் யாரோ ஒரு டாக்டரின் ஜீப்பிலிருந்து கழற்றிய மெல்லிய பட்டை. வாரம் ஒருமுறை அண்ணாச்சி போய் இரண்டையும் தடவிப் பார்ப்பார், ஸ்பானரால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார், டீ குடித்துவிட்டுத் திரும்புவார்.

"ஏலே ஜாபேசு, பொண்ணு பாக்க வந்தவன்கூட மூணாந்தடவை கைய நனைச்சதும் ஒரு பதிலச் சொல்லிருவான். நீ ஒரு வருசமா பஜ்ஜிய மட்டும் தின்னுக்கிட்டிருக்க" என்பான் சோணைமுத்து.

"பொண்டாட்டின்னா சண்ட போட்டுச் சரி பண்ணிக்கிடலாம்லே. பட்டைகிட்ட என்னன்னு பேசுறது?"

ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் கருத்துக் கேட்டார். ஆட்டுக்காரர்கள் லோடு பட்டை என்றார்கள். முட்டை கொண்டுபோகிறவர்கள் மெல்லிய பட்டை என்றார்கள். என்னிடம், "நீ ஸ்பிரிங்கப் பத்திப் பரீட்சையெல்லாம் எழுதுனவன், சொல்லு" என்றார். நான் யோசித்து, "அது எடையைப் பொறுத்தது அண்ணாச்சி" என்றேன். "அந்த எடதான் நாளுக்கு நாள் மாறுதே" என்று அவர் பெருமூச்சு விட்டார். சிரிக்கத் தோன்றியது. ஆனால் பி.எட். சேர்வதா, குரூப் நாலு எழுதுவதா, மெட்ராஸுக்குப் பஸ் ஏறுவதா என்று நானும் அந்த ஜீப்பின் பின்சீட்டில் இரண்டு வருடமாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். இன்னொருவரின் தயக்கத்தை எந்த உரிமையில் கேலி செய்வது?

போன ஐப்பசியில் அவருடைய தயக்கத்துக்கு ஒரு கெடு வந்தது. மகள் பியூலாவைப் பாலவனத்தத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அவளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். நரிக்குடி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற அவள் சித்தி கூடவே இருந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பியூலாவின் அம்மா ஞானப்பூ புழுங்கல் அரிசி, பூண்டு, பழைய வேட்டித் துணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். மழை வழியில் ஜீப்பைத் தவிர வேறு வண்டி வராது. ஆனால் பியூலாவின் மாமியார் அந்த ஜீப்பை மன்னிக்கத் தயாராக இல்லை. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது, கண்மாய்க் கரைப் பள்ளத்தில் ஜீப் தூக்கிப் போட்டு, மேல்கம்பியில் அந்த அம்மாளின் உச்சந்தலை இடித்துவிட்டது. வீக்கம் மூன்று நாளில் வடிந்தது, கோபம் வடியவில்லை. "எம்மருமகள அந்த ஜீப்புல அனுப்பமாட்டேன். ஒரு குலுக்குக் குலுக்குனா வழியிலயே எதுவும் ஆயிரும். பேறுகாலம் இங்கயே நடக்கட்டும்" என்று சொல்லியனுப்பினாள். மகளிடமிருந்தும் தகவல் வந்தது: "அம்மாட்ட இருக்கணும்னு ஆசையா இருக்குன்னு அப்பாகிட்டச் சொல்லுங்க."

அன்றைக்கே அண்ணாச்சி ஒரு முடிவுக்கு வந்தார். மெல்லிய பட்டை. நான்தான் கூடப் போனேன். பட்டறைச் சுவரில் லோடு பட்டை மட்டும் சாய்ந்திருந்தது.

"மெல்லிசா இருந்தத நேத்துத்தான் ஒரு சாயல்குடிக்காரருக்கு மாட்டிவிட்டேன்" என்றான் சோணைமுத்து. "வந்தாரு, பாத்தாரு, போடுன்னாரு. அப்பிடியும் ஆளுக இருக்காகப்பா."

ஜீப்பில் இருந்த பழைய பட்டையோ திரும்புகிற வழிக்குக்கூடத் தாங்காது. ஏற்கெனவே இரண்டு தகடு விரிசல் விட்டிருந்தது. வேறு வழியில்லாமல் பத்துத் தகடு லோடு பட்டையை மாட்டிக்கொண்டு ஊருக்கு வந்தோம். வழியெல்லாம் நான் சீட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட அதற்கு மேலே இருந்த நேரம் அதிகம். ஞானப்பூ அக்காவை ஏற்றிக் கண்மாய்க் கரை வரை ஓட்டிக் காட்டினார். இறங்கியதும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மாமியார் சொன்னதுல தப்பே இல்ல" என்றாள்.

மணல் மூட்டை ஏற்றிக்கொள் என்று பட்டறையிலேயே சொல்லியிருந்தான் சோணைமுத்து. பெண் அழைக்கப் போகிற வண்டியில் மணல் மூட்டையா? சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? அண்ணாச்சி ஒரு நாள் முழுக்க யோசித்தார். பெண் அழைக்கப் போனால் நாலு உறவு, ஊர் மனிதர் என்று கூடப் போவது மரியாதை. மரியாதைக்கு எடையும் உண்டு. மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அழைக்கக் கிளம்பினார்.

முதலில் பால்சாமி. அவர் நெகிழ்ந்துபோனார். "சாதி சனம் இம்புட்டு இருக்கயில என்னைய மொதல்ல கூப்பிட வந்தீகளே, வராம இருப்பேனா" என்றார். அடுத்தது ராக்கம்மாள். பிறகு ரேஷன் கடைக்காரரும் அவர் தம்பியும். இருவரும் சேர்ந்து ஆறு பட்டை. அண்ணாச்சியின் கூடப் பிறந்த அண்ணன் அமிர்தராஜ் மட்டும் வாசலிலேயே மறித்தார். ஒல்லியான மனிதர்.

"சொந்தப் பெரியப்பன் நான் இருக்கேன். பால்சாமி யாருலே உனக்கு?"

"கோவிச்சுக்கிடாதண்ணே. பிள்ளைக்கு ஞானஸ்நானம் வைக்கயில உன்னத்தான் மொதல்ல கூப்பிடுவேன். அதுக்கு எட பாக்கறதில்ல."

"எதுக்கு எட பாக்கற?"

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். என்னிடம் மட்டும், "நீ கணக்குலயே சேத்தி இல்ல, அதனால சும்மா வா" என்றார். என் வாழ்க்கையில் தகுதி பார்க்காமல் கிடைத்த முதல் அழைப்பு அது.

அன்று ஜீப் போன போக்கைச் சொல்ல வேண்டும். பின்னால் எல்லோரும் உட்கார்ந்ததும் லோடு பட்டை கோபம் தணிந்து படிந்துவிட்டது. கண்மாய்க் கரையில் தொட்டில்போல ஆடிப் போனோம். ராக்கம்மாள் திருச்சுழி வருவதற்குள் குறட்டை விட்டாள். அருப்புக்கோட்டையில் டீக்கு நிறுத்தியதும், யாரும் இறங்குவதற்கு முன் அண்ணாச்சி பின்னால் போய் இரண்டு கைகளாலும் அமுக்கிப் பார்த்தார். எழும்பவே இல்லை. "ம்" என்றார், ஜெபம் முடித்த மாதிரி.

பாலவனத்தத்தில் சம்பந்தியம்மாள் வாசலுக்கு வந்தாள். பால்சாமிக்குக் கொஞ்சமும் குறையாத உடம்பு. ஜீப்பை ஒரு பார்வை, இறங்கிய ஆட்களை ஒரு பார்வை. "பெரிய பெரிய ஆளுகளாத்தான் கூட்டியாந்திருக்கீக" என்றாள். கறிச்சோறு போட்டாள். சாப்பிடும்போது ஞானப்பூ அக்கா, "புதுப் பட்டை மாத்தியாச்சு மதினி, குலுக்கலே இல்ல" என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சம்பந்தியம்மாள், "சரி, கூட்டிட்டுப் போங்க" என்றாள். வேண்டா வெறுப்பாகச் சொன்னாலும் சொல்லிவிட்டாள்.

எல்லாம் அங்கே முடிந்திருக்க வேண்டும். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பால்சாமியைக் காணோம். குமாரலிங்கபுரத்தில் ஒரு ஜோடி மாடு விலைக்கு இருக்கிறதென்று யாரோ சொல்ல, சைக்கிளின் பின்னால் ஏறிப் போய்விட்டார். "நான் பஸ்ஸுல வந்துர்றேன்னு சொல்லச் சொன்னாரு" என்றது ஒரு சிறுமி.

மற்றவர்கள் ஏறிக்கொண்டார்கள். பியூலா வயிற்றைத் தாங்கியபடி முன்சீட்டுக்கு அருகில் நின்றாள். அண்ணாச்சி பின்னால் போய் அமுக்கினார். வண்டி எழும்பியது. தணிந்து, இன்னொரு தடவை எழும்பியது. அவர் ராக்கம்மாளை நடுவே நகரச் சொன்னார். ரேஷன் கடைக்காரரை இடம் மாற்றினார். மறுபடி அமுக்கினார். "ப்ச்."

"என்ன தேடுறீக?" என்றாள் சம்பந்தியம்மாள்.

"ஒண்ணுமில்ல சம்பந்தி. சும்மா."

"சும்மாவா எல்லாரையும் மூட்ட மாதிரி மாத்தி மாத்தி வைக்கிறீக?"

அண்ணாச்சி மண்ணைப் பார்த்தார். ஞானப்பூ அக்காவுக்குப் பொய் வராது. "நாலு பட்டை கொறையுது மதினி" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சாயல்குடிக்காரர், லோடு பட்டை, எடை பார்த்து ஆள் அழைத்தது, ஒன்றையும் விடவில்லை.

 வண்டிக்குள்ளிருந்து ராக்கம்மாளின் குரல்: "அப்ப என்னைய எடைக்குத்தான் கூட்டியாந்தீகளா? நான் மரியாதைக்குன்னுல்ல நெனச்சுப் பட்டுச் சேலையெல்லாம் கட்டியாந்தேன்."

"சேல நனஞ்சிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்" என்றார் ரேஷன் கடைக்காரர்.

பியூலாவுக்குச் சிரிப்பு பொறுக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீகப்பா, வலிக்குது" என்றாள். அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் சம்பந்தியம்மாளின் முகம் மாறியது. மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

"முடிஞ்சுபோச்சு" என்றார் அண்ணாச்சி, என்னைப் பார்த்து. பியூலாவின் துணிப்பை ஜீப்பின் முன்சீட்டில் இருந்தது. அவர் அதை எடுத்துத் திரும்பக் கொடுப்பதற்காகக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வருடமாக அவர் முகத்தில் பார்த்துப் பழகிய குழப்பம் அன்றைக்கு இல்லை. வெறுமனே ஓர் அப்பாவின் முகம்.

வீட்டுக் கதவு திறந்தது. சம்பந்தியம்மாள் கையில் ஒரு மஞ்சள் பையும் மகன் துவட்டுகிற பெரிய துண்டும். துண்டை முறுக்கி, வட்டமாகச் சுருட்டி, தண்ணீர்க் குடம் தூக்குகிறவர்கள் வைப்பதுபோல உச்சந்தலையில் சும்மாடாக வைத்துக்கொண்டாள். மேல்கம்பியை ஒருமுறை முறைத்துப் பார்த்தாள். "தள்ளிக்கிடு தாயி" என்று ராக்கம்மாளிடம் சொல்லிவிட்டுப் பின்பலகையில் கால் வைத்து ஏறினாள். ஜீப் முனகிக்கொண்டு படிந்தது. சரியாகப் பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்து, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏறுத்தா" என்றாள் மருமகளிடம். பிறகு வெளியே நின்ற அண்ணாச்சியிடம்: "நான் எத்தன பட்டைன்னு சொல்லிட்டு வண்டிய எடுங்க."

அண்ணாச்சி பையை மகளிடம் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் பின்னால் போய் நின்றார். இரண்டு உள்ளங்கைகளும் விரிந்து பின்பலகையை நோக்கிப் போயின. மேலே சும்மாட்டுக்கு அடியிலிருந்து சம்பந்தியம்மாளின் கண்கள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன. பலகைக்கு ஒரு விரல் தூரத்தில் அவை நின்றன. அப்படியே உயர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, அவர் நெஞ்சுக்கு நேரே குவிந்தன.