பட்டியலில் விட்டுப்போன பெயர்கள்

கடன் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில், ஒன்பதாவது கேள்விக்கு நேராக ஒரு சின்னக் கட்டம் இருந்தது. கடன் வாங்குபவர் இன்ஷூரன்ஸ் பாதுகாப்புத் திட்டத்தில் சேர விரும்புகிறாரா என்பது கேள்வி. ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டு வருடம் அந்தக் கட்டத்தில் டிக் போட்டது என் கைதான். விருப்பமா என்று ஒருவரிடம்கூட நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை ஜங்ஷனில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் அந்த ஃபைனான்ஸ் கம்பெனி நடந்துவந்தது. தனுவச்சபுரத்தில் பி.காம் முடித்து, ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்துவிட்டு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். மேனேஜர் ஒருவர், வசூலுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், கவுண்டரில் நான். வருகிறவர்களில் பாதிப்பேர் மலையாளம் படிப்பார்கள், பாதிப்பேர் தமிழ் படிப்பார்கள். ஆங்கிலம் படிக்கிறவர் மாதத்தில் ஒருவர் வந்தால் அதிகம். எங்கள் தாள்கள் எல்லாமே ஆங்கிலத்தில் இருந்தன.

சேர்ந்த முதல் வாரமே மேனேஜர் சொல்லிவிட்டார். பாதுகாப்புத் திட்டம் எல்லோருக்கும் உண்டு, அதற்கான தொகையைக் கடனிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடு, கேட்டால் மட்டும் விளக்கம் சொல். கேட்டவர்கள் மிகக் குறைவு. பணம் வாங்க வந்த இடத்தில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள்.

கேட்ட ஒருவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். தனுவச்சபுரத்துக்கு அந்தப் பக்கம், மிஷன் சபைக்குப் பக்கத்தில் வீடு. பெட்டி ஆட்டோ ஓட்டுகிறவர். வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றி நெய்யாற்றின்கரை சந்தைக்குக் கொண்டுபோவார். அதுவரை வாடகை வண்டிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாகப் பழைய வண்டி ஒன்று வாங்கக் கடன் கேட்டு வந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ரசீதில் என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"இது என்னத்துக்குள்ள பைசாவாக்கும் மக்கா?"

"இன்ஷூரன்ஸ் மாமா. கடன் தீர முன்ன உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, மிச்சத்த அவிய அடச்சிடுவினும். வீட்ல உள்ளவங்க ஒண்ணும் கட்ட வேண்டாம்."

"அப்பம் அவளுக்கு பாரம் இல்ல."

"ஒண்ணும் இல்ல மாமா."

"நல்ல காரியம்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தமிழில், ஒவ்வொரு எழுத்தாக.

அவருடைய வயதை நானே எழுதியிருந்தேன். ஐம்பத்தெட்டு. திட்ட விதிகள் விண்ணப்பத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தன. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பொருந்தாது என்பது நான்காவது விதி. வேலையில்லாத ஒரு மத்தியானத்தில் அதை நான் வாசித்திருந்தேன். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் "ஒண்ணும் இல்ல மாமா" என்றேன்.

அவர் படியிறங்கிப் போனபிறகு மேனேஜரிடம் கேட்டேன், வயது கூடிவிட்டதே, அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று. அவர் தலையைத் தூக்காமல் மலையாளத்தில் சொன்னார்: "குட்டீ, அதொக்கெ ஹெட் ஆபீஸ் நோக்கிக்கோளும்." பெண்ணே, அதையெல்லாம் தலைமை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். அத்தோடு நானும் விட்டுவிட்டேன். அந்த மாத ரெஜிஸ்டரில் அவர் பெயரை அழகான கையெழுத்தில் எழுதினேன்.

ஒரு வருடத்துக்குமேல் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினார். பிறகு ஒருநாள் காலையில் நெய்யாற்றின்கரை சந்தையில் குலை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து அவருடைய மனைவி வந்தார். பள்ளிக்கூடத்துக் கஞ்சிப்புரையில் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும் வைக்கிற வேலை அவருக்கு. வேலை முடிந்து நேராக வந்திருந்தார், சேலையில் விறகுப்புகை மணத்தது. பஞ்சாயத்தில் வாங்கிய இறப்புச் சான்றிதழையும் ரசீதுகளையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார்.

"நீ சொன்னதா அவரு எங்கிட்ட சொன்னாரு மக்கா. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த ஆபீசுக்குப் போ, அங்க ஒரு பிள்ள உண்டு, அது பாத்துக்கும்னு."

நான் படிவத்தை நிரப்பினேன். வயது எழுத வேண்டிய இடத்தில் என் கை நின்றது. ஆனாலும் எழுதினேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று வரியில் பதில் வந்தது. வயது வரம்பு மீறியதால் இந்தக் கடன் பாதுகாப்புத் திட்டத்துக்கு உட்பட்டதல்ல, நிலுவையை வசூலிக்கவும். அந்தப் பெண்மணியின் மருமகன்தான் அப்போது வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். வசூல்காரர்கள் இருவரும் போய், பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அவன் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது சாவியைப் பிடுங்கி வண்டியை எடுத்துவந்துவிட்டார்கள். பாதிக் குலை வண்டியிலேயே இருந்தது. அதைத் தரையில் இறக்கிப்போட்டுவிட்டு ஓட்டிவந்ததாக அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

மறுநாள் அந்தப் பெண்மணி மாடியேறி வந்தார். மேனேஜர் அறைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் கவுண்டருக்கு வந்தார்.

"வயசு கூடுதல்னா பைசா எதுக்கு வாங்கினிய?"

நான் ரெஜிஸ்டரைப் புரட்டினேன்.

"உனக்கு அண்ணைக்கே அறியுமா?"

"இல்ல மாமி" என்றேன்.

அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் அறையத் தோன்றுகிறது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நம்பவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. இறங்கிப் போனார்.

அதே சாயங்காலம் மேனேஜர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். தகுதியில்லாத ஒருவரைத் திட்டத்தில் சேர்த்து, அவரிடம் தவறான வாக்குறுதி கொடுத்ததற்கு விளக்கம் எழுதித் தரவேண்டும் என்று இருந்தது. "பேடிக்கண்டா, ஒரு ஃபார்மாலிட்டி" என்றார். பயப்பட வேண்டாமாம், வெறும் சம்பிரதாயமாம். அதுவரை எனக்கிருந்தது வெட்கம். அந்தத் தாளைப் பார்த்தபிறகுதான் கோபம் வந்தது. சொல்லச் சொன்னதைச் சொன்னேன், போடச் சொன்ன இடத்தில் டிக் போட்டேன், இப்போது எல்லாம் என் தலையில். இன்னொருவர் தலையில் விழுந்தபோது வராத கோபம் என் தலையில் விழுந்தபோதுதான் வந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

மறுநாள் காலையில், விளக்கம் எழுதப் பழைய ஃபைல்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி இரும்பு அலமாரிச் சாவியை வாங்கினேன். அங்கே கீழ்த்தட்டில் ஒரு ஃபைல். மாதாமாதம் எங்கள் கிளையிலிருந்து யார் யாருக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கிறோம் என்று தலைமை அலுவலகம் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு அனுப்பும் பட்டியலின் கார்பன் நகல்கள். அவர் கடன் வாங்கிய மாதத்தை எடுத்து என் ரெஜிஸ்டரோடு வைத்துப் பார்த்தேன். ரெஜிஸ்டரில் இருந்த அவர் பெயர் பட்டியலில் இல்லை. அடுத்த மாதத்தையும் அதற்கடுத்த மாதத்தையும் பார்த்தேன். ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் பெயர்கூட இல்லை. பொறுக்கி எடுத்து விட்டிருந்தார்கள். பதினோரு பேர்.

அவர்களுக்குப் பொருந்தாது என்று தலைமை அலுவலகத்துக்கு முதலிலிருந்தே தெரியும். பணத்தை எங்களை வைத்துப் பிடிக்க வைத்து, அதை இன்ஷூரன்ஸுக்கும் அனுப்பாமல் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.  மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாள்களை என் சோற்றுப்பைக்குள் வைத்து எடுத்துப்போய், ஸ்டேஷன் ரோட்டில் ஃபோட்டோஸ்டாட் எடுத்துவந்து திரும்ப வைத்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கஞ்சிப்புரைக்குப் போனேன். அவர் பெரிய சருவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் நின்ற பக்கம் திரும்பவில்லை.

"மாமி, நான் அண்ணைக்குப் பொய் சொன்னேன். எனக்குத் தெரியும்."

"அது எனக்கும் தெரியும். இப்பம் எதுக்கு வந்த?"

தாள்களைக் காட்டி விளக்கினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது, ஆனால் கணவர் பெயர் எங்கே இருக்கவேண்டும் எங்கே இல்லை என்பதை விரல் வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அப்பம் செத்தாலும் கிட்டாதுன்னு அறிஞ்சிட்டே வாங்கியிருக்கினும்."

"ஆமா மாமி."

"எங்க போய்ச் சொல்லணும்?"

திருவனந்தபுரத்தில் கன்ஸ்யூமர் கோர்ட் இருந்தது. வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று என் கல்லூரி ஆசிரியை ஒருவர் சொன்னார். நான் மலையாளத்தில் எழுதி, மாமிக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"அத வெட்டு."

"அப்படித்தான் எழுதுவாங்க மாமி."

"நான் எதுக்குத் தாழணும்? அவனுவ தாழட்டும். வெட்டு."

வெட்டினேன்.

வேலை போயிற்று. வீட்டில் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேஸுக்காக ஒன்றரை வருடத்தில் எத்தனை தடவை அந்த பஸ்ஸில் போனோம் என்று கணக்கில்லை. நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு இடமாக நின்று நின்று போய்ச் சேர்ந்தால், கம்பெனி வக்கீல் வரவில்லை, அடுத்த மாதம் என்பார்கள். மாமிக்கு ஒருநாள் கூலி போகும். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்காருவார், ஆனால் என்னிடம் வேண்டாத ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒருமுறை திரும்பும்போது பசி தாங்காமல் நான் வாங்கிய பழம்பொரியில் ஒன்றை நீட்டினேன். வாங்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் என்னைச் சாட்சியாக நிறுத்தினார்கள். கம்பெனி வக்கீல் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: அவருக்கு வயது கூடுதல் என்பது பணம் வாங்கும்போது உங்களுக்குத் தெரியுமா?

"தெரியும்."

"தெரிந்தும் கிடைக்கும் என்று சொன்னீர்கள்?"

"சொன்னேன்."

அவர் வெற்றிபெற்ற முகத்தோடு உட்கார்ந்தார். மாமி எனக்கு நேரெதிரே பெஞ்சில் இருந்தார். அந்தப் பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது மூன்று பேர் கொண்ட அந்த அமர்வில் ஒரு பெண் உறுப்பினர், அதுவரை எதுவும் பேசாதவர், என் ஃபோட்டோஸ்டாட் தாள்களைப் புரட்டிக்கொண்டே வக்கீலைக் கேட்டார்: இந்தப் பெண் தெரிந்தே சேர்த்துவிட்டாள் என்கிறீர்கள். சரி. பட்டியல் தயாரித்தவர்களுக்கு வயது தெரிந்திருக்கிறது, அதனால்தான் பெயரை விட்டிருக்கிறார்கள். பெயரை விட்டவர்கள் பணத்தை ஏன் திருப்பவில்லை? இந்தப் பதினோரு பேரின் பணம் இப்போது எங்கே இருக்கிறது?

வக்கீல் ஃபைலைத் திறந்தார், மூடினார். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கடைசிவரை சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. வயது தெரிந்து பணம் வாங்கிய பிறகு விதியைக் காட்டித் தப்பிக்க முடியாது, கடன் முழுதும் தீர்ந்ததாகக் கருதி வண்டியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுக்கவேண்டும், நஷ்டஈடும் தரவேண்டும். அப்பீலுக்குப் போவதாக மிரட்டினார்கள், போகவில்லை. வண்டியைக் கொடுத்தார்கள். பேட்டரி இல்லை, ஸ்டெப்னி இல்லை, ஒன்றரை வருட மழை வெயிலில் டயர்கள் வெடித்துக் கிடந்தன. மாமி சாவியை வாங்கவில்லை. "எடுத்தப்ப ஓடின வண்டி. ஓட்டிக் கொண்டுவந்து வீட்டுமுன்ன நிறுத்து" என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். செருப்புக்கடைக்கு வந்தவர்கள் கூட்டம் கூடிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் புது பேட்டரியும் டயரும் போட்டு ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அன்றைக்கு நானும் அங்கே போயிருந்தேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ இதுக்கு அலஞ்சது எனக்குத் தெரியும். ஆனா அண்ணைக்கு அவருகிட்ட, மாமா இது உங்களுக்குக் கிட்டாது, இந்தப் பைசாவக் குடுக்காதிங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒண்ணர வருசம் நான் இப்பிடி நாய் மாதிரி அலஞ்சிருக்க வேண்டாம். அது எனக்கு மறக்காது."

"மறக்காதிங்க மாமி" என்றேன். 

மீதிப் பத்துப்பேர் வீட்டுக்கும் போனேன். உத்தரவின் நகலைக் காட்டி, உங்கள் பணத்தையும் திருப்பிக் கேளுங்கள் என்றேன். ஆறு பேர் கேட்டு வாங்கினார்கள். கம்பெனி அவர்களுக்குக் கொடுத்த ரசீதில் "தவறுதலாக வசூலிக்கப்பட்ட தொகை" என்று போட்டிருந்தது. மாதாமாதம் பொறுக்கிப் பொறுக்கிச் செய்ததற்குப் பெயர் தவறுதல். மேனேஜரைப் பெரிய கிளைக்கு மாற்றினார்கள், சம்பளமும் கூட்டி.

நான்கு பேர் போகவேயில்லை. அவர்களில் ஒருவர் தனுவச்சபுரம் போகும் வழியில் டீக்கடை வைத்திருந்தார். மூன்று தடவை போய்ச் சொன்னேன். மூன்றாம் தடவை அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"வேண்டாம் மக்கா. நாளைக்கு மோளுக்குக் கல்யாணம்னு வந்தா நான் அங்கதான் போய் நிக்கணும். பேங்கில எனக்கு யாரு தருவா?"

"உங்கள ஏமாத்தினவங்ககிட்டயா மறுபடி போவீங்க?"

"பின்ன எங்க போவேன், நீயே சொல்லு."

கடையில் இருந்த ஆட்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவரிடம் கத்தினேன். அவரிடம் கத்த எனக்கு என்ன உரிமை என்று கத்தும்போதே தெரிந்தது. அவர் அடுத்த ஆளுக்கு டீ ஆற்றினார். நான் ரோட்டுக்கு இறங்கி, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல், பாறசாலைவரை நடந்தே போனேன்.