பேரன்ட் கிளாஸில் நான் எழுதிய வரி

நான் செய்த தவறுக்காக ஒரு பெண்ணின் வேலை போகவிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே தடுத்திருக்கலாம். சொல்லவில்லை.

ரயில்வேயின் கம்ப்யூட்டர் பிரிவில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, செகந்திராபாத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். பைத்தான் மொழி எனக்குப் புதிது. சொல்லிக்கொடுத்தது பக்கத்து நாற்காலிப் பெண். மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், என் மகளைவிடச் சின்னவள். பட்டான்செருவில் ஒரு மருந்து ஆலைக்கு, ஷிப்ட் பஸ்களுக்கான புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். கிளாஸ் மெத்தட் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

"அங்கிள், இந்த பஸ்ல எத்தனை சீட் காலின்னு பஸ்ஸைக் கேக்கலாம். மொத்தம் எத்தனை பஸ் ஓடுதுன்னு கேட்டா அதுக்கு என்ன தெரியும்? டிப்போவைத்தான் கேக்கணும். டிப்போதான் கிளாஸ். அதைக் கேக்கறது கிளாஸ் மெத்தட்."

"இன்ஹெரிட்டன்ஸ்?"

"நைட் ஷிப்ட் டிப்போவுக்கு ஒரு வேலை தெரியலைன்னா மெயின் டிப்போகிட்ட இருந்து எடுத்துக்கும். ஆனா பஸ்ஸைத் தன் பட்டியல்லதான் எழுதணும். அதுக்குத்தான் மெத்தட் உள்ளே சி.எல்.எஸ்னு போடறோம். யார் கூப்பிட்டாங்களோ அவங்கன்னு அர்த்தம். அங்கே மெயின் டிப்போ பேரை எழுதிடாதீங்க. நக்கோ!" என்றாள், ஹைதராபாத் உருதுவில் 'கூடாது' என்று.

அதைத்தான் செய்தேன். அவள் சொன்ன மெயின் டிப்போ, அதாவது பேரன்ட் கிளாஸ், என் பொறுப்பில் இருந்தது. அதைச் சுத்தப்படுத்துகிறேன் பேர்வழி என்று, சி.எல்.எஸ் இருந்த இடத்தில் பேரன்ட் கிளாஸின் பெயரை எழுதி, சோதித்துப் பார்க்காமல் ஆலைக்கு அனுப்பினேன். எந்த ஷிப்டில் பஸ்ஸைச் சேர்த்தாலும் பேரன்ட்டின் பட்டியலில் போய் விழுந்தது. முதலில் மாட்டியது நைட் ஷிப்ட். அதன் பட்டியல் காலி. இரவெல்லாம் வேலை பார்த்தவர்கள் காலையில் ஆலை வாசலில் வெயில் ஏறும்வரை பஸ்ஸுக்கு நின்றார்கள்.

திரையில் பிழை காட்டிய இடம் நைட் ஷிப்ட் கிளாஸ். அதை எழுதியவள் அவள். "மேடம் பஸ்ஸை மிஸ் பண்ணிட்டாங்க" என்று பின் வரிசையில் சிரித்தார்கள். மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் அவளை அந்த வேலையிலிருந்து எடுத்தார். இன்னும் நிரந்தரமாகாதவள். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மாதக் கடைசியில் சொல்வதாகச் சொன்னார்.

அன்று மதியமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் வரியைச் சத்தமில்லாமல் திருத்தினேன். பஸ்கள் ஓடின. வயதானவனைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்று பயம். வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

அவள் ஓரத்தில் உட்கார்ந்து தன் கிளாஸையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், மாதக் கடைசிக்கு முன்பு ஒரு நாள் டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன்.

கோப்பையைக் கீழே வைத்தாள். "கைக்கு அங்கிள்?" என்றாள். அதே உருதுவில் 'ஏன்' என்று அர்த்தம். "மேல போய் பேரன்ட் கிளாஸைத் திறந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். பாக்கவே இல்லை. அது உங்க ஃபைல்ங்கறதால."

நேரே மேனேஜரிடம் போனேன். "முடிஞ்சதை எதுக்கு சார் கிளர்றீங்க?" என்றார். விடவில்லை. எல்லோரும் இருந்த கூட்டத்தில் என் பழைய வரியைத் திரையில் காட்டிச் சொன்னேன். பின் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அவள் வேலை நிரந்தரமாயிற்று. பேரன்ட் கிளாஸும் அவள் கைக்குப் போயிற்று. என்னை அனுப்பவில்லை. நான் எழுதுவதை அவள் பார்த்த பிறகே ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள்.

அன்றிலிருந்து என்னை 'சார்' என்றாள். டீக்குக் கூப்பிடவில்லை. ஆனால் என் வரிகளை ஒன்று விடாமல் படித்து, எங்கே தவறு, ஏன் தவறு என்று எழுதி அனுப்பினாள். அவ்வளவு கோபத்திலும் சொல்லிக்கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. எனக்கு இன்று தெரிந்த பைத்தான் முக்கால்வாசி அந்தக் குறிப்புகளில் வந்ததுதான்.

மழைக்காலத்தில் ஒரு நாள், புதிதாக எழுதிய மெத்தடில் அதே தவறை மறுபடி செய்திருந்தேன். குறிப்பு வந்தது: "இங்கயும் பேரன்ட் பேரை எழுதியிருக்கீங்க. நக்கோ அங்கிள்!"

திருத்துவதற்கு முன் அதை இன்னொரு முறை படித்தேன்.